இருநூற்றுப் பதினெட்டாம் நம்பர்

அத்தியாயம் 9

போன வாரம் பேர்ணடெற்றைக் கல்லறைத் தோட்டத்து வாசலில் அழவிட்டு வந்தோம். கதையில் ஒரு மாதம் ஓடிவிட்டது. இப்போது அவள் வெள்ளவத்தையில், தன் வீட்டுப் பின்னறையில், ஒரு கட்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள்.

கட்டில் புதியது. கணவன் ஒஸ்வால்ட் சுவரோரம் போட்டால் அவள் யன்னலோரம் இழுக்கிறாள். யன்னலோரம் போட்ட பிறகு, கடற்காற்று அம்மாவுக்கு ஒத்துவராது என்று திரும்பவும் சுவருக்குத் தள்ளுகிறாள்.

“மூண்டு தரம் மாத்தியாச்சு. எனக்குக் கந்தோருக்கு நேரமாகுது,” என்றான் ஒஸ்வால்ட். “நாளைக்கு மாமி வந்து தனக்கு விருப்பமான பக்கம் சொல்லட்டுமே.”

“அம்மா ஒண்டும் சொல்லமாட்டா. எங்க போட்டாலும் படுப்பா.”

“அப்ப ஏன் உனக்கு இந்தப் பாடு?”

அவளிடம் மறுமொழி இருந்தது. முப்பத்திரண்டு வயதுப் பெண், கலியாணம் முடித்து எட்டு வருடமானவள், “எனக்கு அம்மா வேணும்” என்று கணவனிடம் எப்படிச் சொல்வாள்? கட்டிலைத்தான் தள்ளுவாள்.

புதிதாக இந்தக் கதையைக் கையில் எடுத்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. பேர்ணடெற்றின் அப்பா சவுந்தரநாயகம் கொழும்புத் துறைமுகத்தில் முப்பத்துநான்கு வருடம் மூடை தூக்கியவர். ஓய்ந்த பிறகு கொட்டாஞ்சேனையில் பன்னிரண்டு வீட்டில் ஏழாம் இலக்க வீடு அவருக்குக் கிடைத்தது. அங்கேதான் அவரும் மனைவி பிறிஜெற்றும் ஒன்பது வருடம் இருந்தார்கள். போன மாதம் அவர் போய்ச் சேர்ந்தார்.

நாளை ஞாயிற்றுக்கிழமை, முப்பத்தோராம் நாள் பூசை. பூசை முடிந்ததும் பிறிஜெற் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். பன்னிரண்டு வீட்டுச் சட்டம் அது. பேர்ணடெற்றுக்கு அந்தச் சட்டத்தின்மேல் கோபம் இல்லை. உண்மையைச் சொன்னால், அந்தச் சட்டத்துக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றிவைக்கலாம் என்றுகூட அவளுக்கு இருந்தது.

*

பத்து மணி ரெயிலில் ஏறிக் கோட்டையில் இறங்கி, றிக்‌ஷா பிடித்துக் கொட்டாஞ்சேனைக்கு வந்தாள். கையில் இரண்டு வெற்றுப் பெட்டிகள், அம்மாவின் சாமான்களை அடுக்குவதற்கு.

பன்னிரண்டு வீடு என்பது ஊர் வைத்த பெயர். வாசல் பலகையில் ‘ஷரீப் தருமக் குடியிருப்பு, 1909’ என்றும், அதன் கீழே ‘உழைத்து ஓய்ந்தவர்க்கு’ என்றும் மூன்று பாஷையிலும் எழுதியிருக்கும். ஷரீப் முதலாளிக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு பெரிய காரீயக் கிட்டங்கி, அதாவது சரக்குக் கிடங்கு, இருந்தது. பென்சிலுக்கும் உருக்குப் பட்டறைக்கும் போகிற அந்தக் கறுப்புக் கல்லைப் பெண்கள் இருந்து அரித்து, தரம் பிரித்து, பீப்பாயில் அடைப்பார்கள். ஆண்கள் பீப்பாயைக் கப்பலுக்கு ஏற்றுவார்கள்.

ஒருநாள் விடிய முதலாளி கிட்டங்கியைத் திறக்க வந்தபோது படியில் ஒரு கிழவர் படுத்திருந்தார். அவரிடமே இருபது வருடம் பீப்பாய் உருட்டியவர். வேலை விட்ட பிறகு போக இடம் இல்லை. வேலை செய்த இடத்துப் படிதான் பழகிய இடம் என்று வந்து படுத்திருக்கிறார். முதலாளி அன்றைக்குக் கிட்டங்கியைத் திறக்கவில்லையாம். நேரே போய்க் காணி பார்த்தாராம். நடுவில் ஒரு முற்றம், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு பலாமரம், சுற்றிப் பன்னிரண்டு வீடு. முஸ்லிமோ வேதக்காரரோ சைவமோ சிங்களமோ, துறைமுகத்திலும் கிட்டங்கிகளிலும் உழைத்து ஓய்ந்தவர் எவரும் வரலாம் என்று உறுதிப் பத்திரம் எழுதினார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்கிற காலத்தில் ஒவ்வொருவருக்கும் நம்பர் வெட்டிய பித்தளை வில்லை ஒன்று கொடுப்பார்கள் அல்லவா? குடிவருகிறவர் அந்த வில்லையைத் தன் வீட்டு வாசல் நிலையில் ஓர் ஆணியில் கொழுவிவிடுவார். வீட்டுக்குரியவர் இன்னார் என்பதற்கு அதுவே பத்திரம். ஆள் செத்தால் வில்லையைக் கழற்றி அவரோடேயே அனுப்பிவிடுவார்கள். கத்தோலிக்கர் என்றால் சவப்பெட்டிக்குள் வைத்து.

ஏழாம் வீட்டு ஆணி ஒரு மாதமாக வெறுமையாக இருந்தது. அதன் கீழே பிறிஜெற் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா இது, ஒண்டும் அடுக்கேல்லையா?”

“பெட்டியை உள்ள வை. சாப்பிட்டிட்டுக் கதைப்பம்.”

“நாலு மணிக்குக் கமிற்றி கூடுதாம். அதுக்கு முதல் அடுக்கி முடிச்சா...”

“கமிற்றிக்கு நானும் போறன்,” என்றாள் பிறிஜெற். “வீடு கேக்க.”

பேர்ணடெற்றுக்கு விளங்கவில்லை. “ஆருக்கு வீடு?”

“எனக்கு. நானும் இருவத்தாறு வருசம் காரீயம் அரிச்சனான்தானே. அப்பா செத்த பிறகு ஒவ்வொரு நாளும் வாசல் கூட்டேக்குள்ள அந்தப் பலகையைப் பாக்கிறன். உழைச்சு ஓய்ஞ்சவர் எண்டு கிடக்கு. நான் உழைக்கேல்லையோ? இத்தனை வருசமா ஒரு பொம்பிளையும் போய்க் கேக்கேல்ல, அவ்வளவுதான். எனக்கும் ஒன்பது வருசமா இந்த எண்ணம் வரேல்ல பார்.”

“கமிற்றி நம்புமா?”

“ஏன் நம்பாது? என்ட வில்லை இருக்கு.”

மீன் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பிஸ்கற் தகரத்தைத் திறந்து ஒரு சிறிய துணி முடிச்சை எடுத்து வந்து மகளின் கண்முன்னே காட்டினாள். அவிழ்க்கவில்லை. “அப்பா போன பிறகு இதை அவிழ்க்க மனம் வரேல்ல. அவற்ற வில்லை ஆணியிலயும் இது தகரத்துக்குள்ளயுமா ஒரே வீட்டில கிடந்ததுகள்.”

பேர்ணடெற் பெட்டியைக் கீழே வைத்தாள்.

*

வாசகர்களிடம் மறைத்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்த முடிச்சுக்குள் இருப்பது பிறிஜெற்றின் 218 அல்ல. சவுந்தரநாயகத்தின் 641. பிறிஜெற்றின் வில்லை ஒரு மாதமாகக் கணவனோடு மண்ணுக்குள் கிடக்கிறது. அதை அங்கே வைத்தவள் பேர்ணடெற்.

அவளைத் திட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

ஆறு வயதிலிருந்து அம்மாவுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோனவள் அவள். கிட்டங்கி வாசற்காரனுக்குப் பெயர் சொன்னால் விளங்காது. உள்ளே எத்தனையோ மரியாக்கள், எத்தனையோ பீபிகள். நம்பர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். வாசலில் நின்று “இருநூத்திப் பதினெட்டு!” என்று கத்துவாள். இருட்டுக்குள்ளிருந்து முகம், கழுத்து, கை எல்லாம் சாம்பல் நிறமாக மினுங்கிக்கொண்டு அம்மா வருவாள். பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டையில் காரீயம் பட்டால் போகாது என்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். அப்படியே குனிந்து உச்சியில் ஒரு முத்தம். நின்றபடியே சோறு. திரும்பவும் உள்ளே.

முதலாம் வகுப்பில் கன்னியாஸ்திரி, “உன் அம்மாவின் பெயர் என்ன?” என்று கேட்டபோது, பேர்ணடெற் எழுந்து நின்று “இருநூத்திப் பதினெட்டு” என்றாள். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் அவள் காதில் இருக்கிறது.

அப்பாவை அடக்கம் செய்த அன்று ஆணியிலிருந்து 641ஐக் கழற்றியதும் அவள்தான். தகரத்தைத் திறந்து அம்மாவின் வில்லையைக் கண்டதும் அவள்தான். அந்த நம்பர் இனி இந்தப் பூமிக்கு மேலே இருக்கக்கூடாது என்று மனம் சொல்லியது. துணியில் 641ஐ மாற்றி வைத்து முடிந்து, 218ஐ அப்பாவின் பெட்டிக்குள் வைத்தாள். வீட்டைப் பற்றி, கமிற்றியைப் பற்றி அவள் அப்போது யோசிக்கவே இல்லை. அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன்.

ஆனால் இன்றைக்கு யோசிக்கிறாள். நாலு மணிக்கு முடிச்சு அவிழும். 641 வெளியே வரும். அம்மாவின் கோரிக்கை அதோடு முடியும். நாளை அம்மா வெள்ளவத்தைக்கு வருவாள். இவள் ஒன்றும் செய்யத் தேவையில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

மத்தியானம் அம்மா மீன் சொதி வைத்துச் சோறு போட்டாள். பேர்ணடெற் மீன் முள்ளை எடுத்து எடுத்துத் தட்டோரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

*

வாசலோடு ஒட்டிய சின்ன அறைதான் பன்னிரண்டு வீட்டு அலுவலகம், கந்தோர்; நாலு மணிக்குத் தாயும் மகளும் அங்கே போய் இருந்தார்கள். துருக்கித் தொப்பியோடு நடுவில் இருந்தவர் புவாத் ஹாஜியார், ஷரீப் முதலாளியின் மகன். பக்கத்தில் மனேஜர் நாகேந்திரம், மூக்குக்கண்ணாடியும் மைக்கூடுமாக. மூன்றாவது கதிரை காலி. அது கமிற்றியின் சட்டத்தரணி, பிறக்ரர் கனகசபாபதியின் கதிரை. அவருக்கு அன்று காய்ச்சல்.

“மிஸிஸ் சவுந்தரநாயகம், நாளைக்குப் பூசை முடியச் சாவியைத் தருவீங்கள்தானே?” என்று நாகேந்திரம் தொடங்கினார்.

“சாவி தர இல்ல ஐயா, வீடு கேக்க வந்தனான்.”

சொல்ல வேண்டியதை அவள் ஒரே மூச்சில் சொன்னாள். நாகேந்திரத்தின் பேனா அந்தரத்தில் நின்றது. புவாத் ஹாஜியார் முன்னே சரிந்தார்.

“எந்தக் கிட்டங்கி?”

“உங்கட வாப்பாட கிட்டங்கிதான். பூட்டுற நாள் மட்டும் இருந்தனான்.”

“அந்த நேரத்துப் பேர் எழுதின டாப்பெல்லாம் கறையான் திண்டு போச்சே. வில்ல ஈக்கா?”

பிறிஜெற் முடிச்சை மேசையில் வைத்து அவிழ்த்தாள். பித்தளை வெளிச்சத்துக்கு வந்தது. அவள் அதைக் கையில் எடுத்தாள். கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள். பெருவிரலால் நம்பரைத் தடவிப் பார்த்தாள்.

“இது உங்கட அவற்ர வில்லையெல்லோ,” என்றார் நாகேந்திரம், மெதுவாக. அவர் நல்ல மனிதர். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

பிறிஜெற் வில்லையைத் திருப்பி மறுபக்கத்தையும் பார்த்தாள். பிறகு, “மாறிப்போச்சு,” என்றாள். “பெட்டிக்குள்ள என்டது போயிட்டுது போல, நான் கவனிக்கேல்ல. அண்டைக்கு எனக்குக் கண் தெரியேல்ல. என்ட பிழைதான்.”

என்ட பிழைதான். பேர்ணடெற் தலையைக் குனிந்துகொண்டாள்.

புவாத் ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். “ஒரு வழி ஈக்கிது. மொத மொத ஒண்ணாம் நம்பர் வூட்டுக்கு வந்தாரே, எங்கட கிட்டங்கிப் படியில படுத்த மனுசன், அவர்ட வில்ல கடல்ல வுழுந்து போச்சு. அதனால வாப்பா ஒறுதியிலேயே எழுதி வச்சாரு: வில்ல இல்லாட்டி, வேல செஞ்ச எடத்தில அவரக் கண்ட ஒரு ஆள் வந்து சொன்னாப் போதும். உங்கள அங்க கண்ட ஆள் ஆராச்சும் ஈக்கிறாங்களா?”

பிறிஜெற் விரல் மடித்து யோசித்தாள். பக்கத்தில் இருந்து அரித்த இரண்டு பெண்களும் செத்துப்போனார்கள். வாசற்காரன் ஊருக்குப் போய்ப் பல வருடம். மூன்றாவது விரலோடு நின்றுவிட்டாள். பக்கத்தில் இருக்கும் மகளை அவள் எண்ணவே இல்லை. தினமும் வாசலில் வந்து நின்ற பிள்ளையைச் சாட்சி என்று எந்தத் தாய்க்குத்தான் தோன்றும்?

“ஒருத்தரும் இல்ல,” என்றாள். 641ஐத் திரும்பவும் துணியில் வைத்து, மூலைகளைச் சேர்த்து, முடிச்சுப் போடத் தொடங்கினாள். “பரவாயில்ல ஐயா. நாளைக்குப் பூசை முடிய வந்து சாவியைத் தாறன். இவ்வளவு நாள் இருந்ததே பெரிசு.”

முடிச்சு விழவில்லை. விரல் சொல்வழி கேட்கவில்லை. இருபத்தாறு வருடம் கல்லில் மண்ணைப் பிரித்த விரல்கள் ஒரு துணியை முடியமுடியாமல் தடுமாறுவதைப் பேர்ணடெற் பார்த்தாள். அவளுக்கு வெள்ளவத்தைக் கட்டில் ஞாபகம் வந்தது. சுவரோரமும் யன்னலோரமும் ஞாபகம் வந்தது. அம்மா எங்கே போட்டாலும் படுப்பாள். கேட்கத் தெரியாத அந்த மனுசி வாழ்க்கையில் முதல் தரம் ஒன்றைக் கேட்டிருக்கிறாள்.

“நான் கண்டனான்,” என்றாள்.

நாகேந்திரம் திரும்பினார். “பிள்ளை, சொந்தக்காரற்ர சாட்சி...”

“சொந்தம் வேணாமெண்டு வாப்பா எழுதல்ல,” என்றார் புவாத் ஹாஜியார். “நீங்க சொல்லுங்க மகள்.”

அவள் சொன்னாள். ஆறு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரைக்கும் சோறு கொண்டுபோனதை, வாசற்காரனை, சாம்பல் மினுக்கத்தை, முதுகுக்குப் பின்னால் கட்டிய கைகளை. சொல்லும்போது குரல் உடைந்தது, நிறுத்தவில்லை.

“பேர் சொல்லியா கூப்புடுவீங்க?”

“பேர் இல்ல. நம்பர்.”

“நெனவு ஈக்கா?”

இந்த இடத்தில் அவள் தயங்கினாள். தெரியாது, மறந்துவிட்டது என்றால் சாட்சி பாதியில் போகும். தெரியும் என்றால், இவ்வளவு நன்றாகத் தெரிந்தவள் அன்று பெட்டிக்குள் எப்படி மாற்றி வைத்தாள் என்ற கேள்வி வரும். கமிற்றி கேட்காது. அம்மா கேட்பாள்.

“இருநூத்திப் பதினெட்டு,” என்றாள். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தாள். பழகிய வாய், வாசலில் நின்று கூப்பிட்ட அதே சத்தத்தில் கூப்பிட்டுவிட்டது.

பிறிஜெற் கதிரையை விட்டு எழுந்து நின்றாள்.

ஏன் எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. எழுந்து, வாசற்பக்கம் ஓர் அடி எடுத்து வைத்து, பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தாள். அறையில் யாரும் சிரிக்கவில்லை.

புவாத் ஹாஜியார் கைலேஞ்சியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “எழுதுங்க நாகேந்திரம். ஏழாம் வூடு. பிறிஜெற் சவுந்தரநாயகம். காரீயக் கிட்டங்கி, எரநூத்திப் பதினெட்டு.”

“எழுதிறன் ஹாஜியார். ஆனால் மூண்டு கையெழுத்தும் வேணும். வாப்பா மவுத்தாகி அடக்கம் முடிஞ்சாப்பிறகு வந்த அந்த முப்பத்தோராம் நாள் சட்டத்தை எழுதினதே கனகசபாபதியர்தான். அவர் இலேசில விடமாட்டார்.”

“திங்கக்கெழம நானே கொண்டு போறன்,” என்றார் புவாத் ஹாஜியார். “அது மட்டும் சாவி இவங்கட கையில ஈக்கட்டும்.”

*

தாயும் மகளும் முற்றத்தைத் தாண்டி நடந்தார்கள். பலாமரத்தடிக்கு வந்ததும் பிறிஜெற் மகளின் பக்கம் திரும்பினாள்.

“நம்பரை நீ மறக்கேல்ல,” என்றாள்.

“இல்ல.”

“அப்ப அண்டைக்குப் பெட்டிக்குள்ள...”

“தெரிஞ்சுதான் வச்சனான் அம்மா.” பேர்ணடெற் நின்றுவிட்டாள். “வீட்டுக்காக இல்ல. அந்த நம்பரை எனக்குப் பிடிக்காது. சின்னன்ல இருந்து பிடிக்காது. நான் வாசலில கூப்பிட்டா அதுதான் வரும். நீங்க வாறேல்ல.”

அவள் அழுதாள். ஒரு மாதமாக அப்பாவுக்காக அழுத அழுகை இல்லை இது. பிறிஜெற் மகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் வந்தது, உண்மைதான். முகத்தில் வந்ததைப் பேர்ணடெற்றும் கண்டாள். ஆனால் அது வெகுநேரம் நிற்கவில்லை.

“உன்னைத் தொடாமல் திரும்பி உள்ள போறதுக்கு நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது,” என்றாள் பிறிஜெற். “ஒவ்வொரு நாளும் நினைப்பன், இந்தச் சட்டை பழுதாப் போனாப் போகட்டும் எண்டு. உனக்கு ஒரேயொரு சட்டை இருந்தது.”

“அம்மா...”

“சரி விடு. மண்ணுக்குள்ள அந்த மனுசனுக்கு ஒரு துணை போயிருக்கு. தனியத் திரிய அவருக்குத் தெரியாது.”

ஏழாம் வீட்டு வாசலுக்கு வந்ததும் பிறிஜெற் முடிச்சை அவிழ்த்து 641ஐ எடுத்துப் பழைய ஆணியில் கொழுவினாள். “என்டதுக்குப் பதிலா இது கிடக்கட்டும்.” பிறகு, வேறு ஏதோ ஞாபகம் வந்தவள் போல, “மருமகன் போன கிழமை வந்தவர். கட்டில் வாங்கின கதை சொன்னவர்,” என்றாள்.

பேர்ணடெற் கண்ணைத் துடைத்தாள். “அதை வித்துப் போடுவம்.”

“ஏன் விக்க? ஞாயிறு பூசை முடிய வந்து ஒரு இரவு படுத்திட்டுத் திங்கள் விடிய வருவன். எந்தப் பக்கம் போட்டிருக்கிறாய்?”

“சுவரோரம்.”

“யன்னலோரம் போடு. எனக்குக் காத்து வேணும்.”

பேர்ணடெற்றுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெற்றுப் பெட்டிகள் இரண்டையும் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள். வழியனுப்ப வந்த பிறிஜெற், மகள் வெள்ளைச் சேலை கட்டியிருப்பதைக் கண்டதும், பழக்கத்தில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு முகத்தை மட்டும் முன்னே நீட்டினாள்.

பேர்ணடெற் பெட்டிகளைக் கீழே போட்டாள். அம்மாவுக்குப் பின்னால் கையை விட்டு, கட்டியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து முன்னே கொண்டுவந்து, தன் தோளில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் எடுக்கவிடவில்லை.

கனகசபாபதியரின் கையெழுத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அந்த நேரத்தில் அது இருவருக்கும் ஞாபகம் இல்லை.